ஐந்து ஒலிம்பிக், ஐந்து தங்கம்: ஸ்டீவ் ரெட்கிரேவின் வெற்றியில் அவர் பங்கு எவ்வளவு?

நதிக்கரையான்

இன்னொரு இழையில் "ஒலிம்பிக்கின் மிகச் சிறந்த வீரர் யார்" என்று பேச்சு போனபோது நான் ஸ்டீவ் ரெட்கிரேவ் பெயரை எழுதினேன். அங்கே பலருக்கு அவரைத் தெரிந்திருக்கவில்லை. தெரிந்த இருவரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். அவர் வாங்கிய தங்கம் எல்லாமே இரண்டு பேர், நான்கு பேர் சேர்ந்து ஓட்டிய படகில் வந்ததுதானே, அதில் அவருடைய பங்கு எவ்வளவு என்று எப்படிச் சொல்வது? நல்ல கேள்வி. அதற்காகவே இந்தத் தனி இழை.

தெரியாதவர்களுக்காக முதலில் கொஞ்சம். 1962-இல் இங்கிலாந்தில் தேம்ஸ் கரையில் உள்ள மார்லோ என்ற ஊரில் பிறந்த துடுப்புப் படகு வீரர். 1984 லாஸ் ஏஞ்சலிஸில் காக்ஸ் (துடுப்பு போடாமல் படகின் திசையைப் பார்த்துக்கொள்பவர்) உட்கார்ந்த நால்வர் படகில் தங்கம். 1988 சியோலில் ஆண்டி ஹோம்ஸோடு இருவர் படகில் தங்கம். 1992 பார்சிலோனா, 1996 அட்லாண்டா இரண்டிலும் மேத்யூ பின்சென்ட்டோடு இருவர் படகில் தங்கம். 2000 சிட்னியில் பின்சென்ட், ஜேம்ஸ் கிராக்னெல், டிம் ஃபாஸ்டர் ஆகியோரோடு நால்வர் படகில் தங்கம். சியோலில் கூடுதலாக ஒரு வெண்கலமும் உண்டு. உலக சாம்பியன்ஷிப் பட்டங்கள் 9. முதல் ஒலிம்பிக் தங்கம் 22 வயதில், கடைசித் தங்கம் 38 வயதில். நடுவில் பெருங்குடல் அழற்சி நோய், அப்புறம் நீரிழிவு.

அட்லாண்டாவில் பிரிட்டனுக்குக் கிடைத்த ஒரே தங்கம் ரெட்கிரேவும் பின்சென்ட்டும் வாங்கியதுதான். அந்தப் போட்டி முடிந்த கையோடு ரெட்கிரேவ், இனி யாராவது என்னைப் படகுக்குப் பக்கத்தில் பார்த்தால் சுட்டுவிடலாம், அனுமதி தருகிறேன் என்று தொலைக்காட்சியில் சொன்னார். நான்கு வருடம் கழித்து மறுபடி தங்கத்தோடு நின்றார்.

பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்பது உண்மைதான். ஆனால் கூட இருந்தவர்கள் மாறினார்கள், பயிற்சியாளர் மாறினார், படகு மாறியது, மாறாமல் இருந்தவர் இவர் ஒருவர்தான். என் கட்சி இதுதான். மற்றவர்கள் சொல்லுங்கள்.

பதக்கப்பட்டியல்

கேள்வி கேட்ட இருவரில் ஒருவன் நான். ரெட்கிரேவ் பெரிய வீரர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. "மிகச் சிறந்தவர்" என்பதில்தான் தயக்கம்.

ருமேனியாவின் எலிசபெதா லிபாவை எடுத்துக்கொள்ளுங்கள். இதே விளையாட்டு. 1984 முதல் 2004 வரை ஆறு ஒலிம்பிக், ஐந்து தங்கம், மொத்தம் எட்டுப் பதக்கம். அதில் 1992 தங்கம் ஒற்றையர் படகில், தனியாக ஓட்டி வாங்கியது. அவர் பெயரை இங்கே யார் சொல்கிறார்கள்? கயாக்கில் ஜெர்மனியின் பிர்கிட் ஃபிஷர் 1980 முதல் 2004 வரை எட்டுத் தங்கம். கியூபாவின் மிஹாயின் லோபஸ் மல்யுத்தத்தில் 2008-இல் தொடங்கி 2024 பாரிஸ் வரை அடுத்தடுத்து ஐந்து ஒலிம்பிக்கில் தங்கம். அது முழுக்கத் தனிநபர் போட்டி.

இன்னொன்று. 1984-இல் சோவியத் யூனியனும் கிழக்கு ஜெர்மனியும் லாஸ் ஏஞ்சலிஸுக்கு வரவே இல்லை. படகுப் போட்டியில் அந்தக் காலத்தில் கிழக்கு ஜெர்மனி எப்படிப்பட்ட வல்லரசு என்று எல்லோருக்கும் தெரியும்.

ரெட்கிரேவ் ஆரம்பத்தில் ஒற்றையர் படகில் சாம்பியன் ஆகத்தான் ஆசைப்பட்டார். இங்கிலாந்தின் ஹென்லி படகுப் போட்டியில் டைமண்ட் ஸ்கல்ஸ் என்ற ஒற்றையர் பட்டம் வென்றார், 1986 காமன்வெல்த் போட்டியில் ஒற்றையர் தங்கமும் வாங்கினார். ஆனால் உலக அளவில் அது நடக்கவில்லை. அப்போது அங்கே ஃபின்லாந்தின் பெர்த்தி கார்ப்பினன் இருந்தார், 1976, 80, 84 மூன்றிலும் ஒற்றையர் தங்கம் அவருக்குத்தான். ரெட்கிரேவால் அந்த உயரத்துக்குப் போக முடியவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் கதை முழுமையாகாது.

அடையாற்றுத் துடுப்பு

கல்லூரி நாட்களில் சென்னை போட் கிளப்பில் துடுப்பு பிடித்தவன் என்ற முறையில் இதில் கொஞ்சம் சொல்ல ஆசை. (1867-இல் தொடங்கிய கிளப் அது, நம் ஊரில் இந்த விளையாட்டுக்கு அவ்வளவு வயது.)

"கூட்டுப் படகு" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். எட்டுப் பேர் படகு வேறு, காக்ஸ் இல்லாத இருவர் படகு வேறு. இருவர் படகில் ஆளுக்கு ஒரே ஒரு துடுப்பு. ஒருவர் வலப்பக்கம், மற்றவர் இடப்பக்கம். ஒருவர் கொஞ்சம் பலமாக இழுத்தாலும் படகின் மூக்கு திரும்பிவிடும். சுக்கான் கம்பி இருவரில் ஒருவருடைய காலணியோடு இணைந்திருக்கும், பாதத்தைத் திருப்பித்தான் திசையைச் சரிசெய்ய வேண்டும். அப்படிச் சரிசெய்யும் ஒவ்வொரு முறையும் வேகம் போகும். படகின் குறைந்தபட்ச எடை 27 கிலோ. அதன் மேல் நூறு கிலோ தாண்டிய இரண்டு பேர். ஒருவருடைய துடுப்பு தண்ணீரில் இறங்கக் கண்ணிமைக்கும் நேரம் தாமதமானால் படகு ஒரு பக்கம் சாயும், மற்றவருடைய அடுத்த இழுப்பும் கெட்டுப்போகும். 2,000 மீட்டரில் இருநூறுக்கும் மேற்பட்ட இழுப்பு. அதில் ஒளிந்துகொள்ள இடமே கிடையாது.

பழகிய எல்லோரும் சொல்வார்கள், துடுப்பு விளையாட்டில் கூட்டாளியோடு சண்டை வர வைக்கும் படகு இதுதான் என்று. ரெட்கிரேவின் ஐந்து தங்கத்தில் மூன்று இந்தப் படகில். அதுவும் இரண்டு வேறு கூட்டாளிகளோடு.

ஹோம்ஸும் அவரும் நெருங்கிய நண்பர்கள் இல்லை. சியோலுக்குப் பிறகு பிரிந்துவிட்டார்கள். அடுத்து வந்த பின்சென்ட் இவரைவிட எட்டு வயது இளையவர், ஈட்டன் பள்ளி, ஆக்ஸ்ஃபோர்டு. இவரோ வீடு கட்டும் தொழில் செய்தவரின் மகன், 16 வயதில் பள்ளிப் படிப்பை முடித்துக்கொண்டவர். வளர்ப்பு, பேச்சு, பழக்கம் எல்லாம் வேறு. 1990-இல் சேர்ந்தார்கள், அந்த வருட உலகப் போட்டியில் வெண்கலம். 1991-இல் தங்கம். அதன் பிறகு 1993, 94, 95 மூன்று வருடமும் உலகப் பட்டம், இரு முனையிலும் ஒலிம்பிக் தங்கம்.

பதக்கப்பட்டியல் சார், ஒற்றையர் படகில் அவர் உச்சத்துக்குப் போகவில்லை என்று நீங்கள் சொன்னதை நான் அப்படியே ஏற்கிறேன். என் வாதத்துக்கு அதுதான் பலம். தனியாக ஓட்டினால் கார்ப்பினனுக்குக் கீழே, பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்தால் உலகத்திலேயே முதல் ஆள். அப்படியென்றால் பக்கத்தில் இருப்பவனை வேகமாக்கும் ஏதோ ஒன்று அவரிடம் இருந்திருக்கிறது. ஒலிம்பிக் படகில் அதைவிடப் பெரிய திறமை எது?

ரெடிங்வாசி

நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கிலாந்தில் ரெடிங் பக்கம் குடியிருக்கிறேன். மார்லோ இங்கிருந்து கிட்டத்தான். அங்கே ஆற்றங்கரைப் பூங்காவில் அவருடைய சிலை நிற்கிறது. ரெடிங்குக்குப் பக்கத்தில் கேவர்ஷமில் பிரிட்டிஷ் அணி பயிற்சி எடுக்கிற ஏரிக்கே ரெட்கிரேவ் பின்சென்ட் ஏரி என்றுதான் பெயர், 2006-இல் திறந்தார்கள்.

அடையாற்றுத் துடுப்பு அண்ணை சொன்ன அந்தப் பின்னணி விஷயம் வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு விளங்குவது கஷ்டம். இந்த நாட்டில் துடுப்புப் போட்டி நெடுங்காலமாக வசதியான பள்ளிகளின் விளையாட்டு. ஈட்டன், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் என்று ஒரு பாதை இருந்தது, அந்தப் பாதையில் வந்தவர்களுக்குப் படகும் ஆறும் பயிற்சியாளரும் பள்ளியிலேயே கிடைக்கும். ரெட்கிரேவ் படித்தது மார்லோவில் உள்ள அரசுப் பள்ளி. டிஸ்லெக்சியா இருந்ததால் எழுத்தும் வாசிப்பும் அவருக்குப் பெரும் பாடு. அந்தப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்த பிரான்சிஸ் ஸ்மித் என்ற ஆசிரியர் படகு ஓட்டுவதில் பித்துப் பிடித்தவர். கையும் காலும் பெரிதாக இருக்கிற பையன்களாகப் பார்த்து ஆற்றுக்குக் கூட்டிப் போனார். பெரிய கை கால் இருந்தால் இவன் உயரமாக வளருவான் என்ற கணக்கு. வகுப்பில் தலை குனிந்து இருந்த ஒரு பொடியனுக்கு முதல்முறையாக ஒரு இடத்தில் பெயர் கிடைத்தது.

காசு விஷயத்தையும் சொல்ல வேண்டும். லாட்டரிப் பணத்திலிருந்து வீரர்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை கொடுக்கும் முறை 1997-இல்தான் வந்தது. அதாவது அவருடைய முதல் நான்கு தங்கமும் அந்த உதவி இல்லாத காலத்தில் வந்தவை. அவருடைய தகப்பன் தாங்கியிருக்காவிட்டால் ஆரம்பத்திலேயே விட்டுவிட்டு வேலைக்குப் போயிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

குமரிக்கடல்

நீரிழிவு இருந்தும் தங்கம் என்பது எனக்குப் புரியவே இல்லை. எங்கள் வீட்டில் அப்பாவுக்குச் சர்க்கரை வந்தவுடன் மாடிப்படி ஏறவே பயந்தார். இவர் எப்படி ஒலிம்பிக் வரை போனார்? யாராவது மருத்துவர் இருந்தால் விளக்குங்கள்.

தஞ்சை மருத்துவர்

சொல்கிறேன். இவருடைய வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியே இதுதான், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1997 இறுதியில் அடங்காத தாகம் எடுத்தது. சோதித்தால் நீரிழிவு. அப்போது வயது 35. 1992-லேயே பெருங்குடல் அழற்சி வந்து, பார்சிலோனாவுக்குச் சில மாதங்களே இருந்தபோது அவரைப் படுக்கையில் தள்ளியிருந்தது. அது குணமாகிப் போய்விடும் நோய் இல்லை, அடங்கும், மறுபடி கிளம்பும். அதோடு இது இரண்டாவது.

சாதாரணமாக நாங்கள் என்ன சொல்வோம்? இனிப்பைக் குறை, மாவுச்சத்தைக் குறை. அவரும் முதலில் அப்படித்தான் செய்தார். ஆனால் அவர் அன்றாடம் பல மணி நேரம் துடுப்பு போடும் ஆள். தசையில் சேமித்து வைத்த மாவுச்சத்துதான் அந்த உழைப்புக்கு எரிபொருள். சாப்பாட்டைக் குறைத்ததும் உடம்பு சோர்ந்துவிட்டது, வேகம் விழுந்தது. பிறகு அவரும் மருத்துவர்களும் தலைகீழாக யோசித்தார்கள். பழையபடி நாளுக்குச் சுமார் 6,000 கலோரி சாப்பாடு, அதற்குத் தக்கபடி நாளில் பல முறை இன்சுலின். ஒவ்வொரு பயிற்சிக்கு முன்னும் பின்னும் ரத்தத்தில் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். இன்சுலின் கொஞ்சம் கூடினால் படகிலேயே சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். குறைந்தால் தசைக்குள் சர்க்கரை போகாது, கை ஓடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்று வருடம் நடந்திருக்கிறார்.

இன்னொரு சிக்கல்: நீரிழிவு இல்லாத வீரர்கள் இன்சுலின் எடுப்பது விளையாட்டில் தடை. இவருக்கு முறையான அனுமதி வேண்டியிருந்தது.

அவருடைய மனைவி ஆன் ஒரு மருத்துவர், அவரும் 1984 ஒலிம்பிக்கில் துடுப்பு போட்டவர், பின்னாளில் பிரிட்டிஷ் துடுப்பு அணியின் தலைமை மருத்துவராகவும் இருந்தார். வீட்டிலேயே அந்தப் புரிதல் இருந்தது பெரிய பாக்கியம்.

குமரிக்கடல், உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள்: படி ஏறலாம். ஏற வேண்டும். மருந்து அளவை மட்டும் அவருடைய மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு செய்யட்டும். ரெட்கிரேவ் செய்ததை அப்படியே யாரும் செய்யக் கூடாது. அவருடைய சாப்பாடு அவருடைய உழைப்புக்கானது.

பதக்கப்பட்டியல்

டாக்டர், இதை நான் இவ்வளவு விவரமாக அறிந்திருக்கவில்லை, நன்றி. 16 வருடத்தின் கடைசி மூன்று வருடத்தை இப்படி ஓட்டியிருக்கிறார் என்றால் மதிப்பு கூடத்தான் செய்கிறது.

ஆனால் 1984 புறக்கணிப்பு பற்றி யாரும் பதில் சொல்லவில்லையே?

அடையாற்றுத் துடுப்பு

சொல்கிறேன். 1984 தங்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு வாதாடினால் உங்கள் கேள்வி சரி. ஆனால் 1986 நாட்டிங்காம் உலகப் போட்டியிலும், 1987 கோபன்ஹேகனிலும், 1988 சியோலிலும் எல்லோரும் வந்தார்கள், மூன்றிலும் தங்கம். சியோலில் ஹோம்ஸும் இவரும் ஒரே ஒலிம்பிக்கில் இரண்டு போட்டியில் இறங்கினார்கள், காக்ஸ் இல்லாத இருவர் படகு, காக்ஸ் உள்ள இருவர் படகு. இரண்டாவதில் இத்தாலியின் அபன்யாலே சகோதரர்கள் ஜெயித்தார்கள், கிழக்கு ஜெர்மனி வெள்ளி, இவர்களுக்கு வெண்கலம். ஒரு தங்கம் வாங்கிய களைப்போடு அடுத்ததில் வெண்கலம் என்பது சின்ன விஷயம் இல்லை.

கிழக்கு ஜெர்மனி என்றதும் இன்னொருவரையும் சொல்ல வேண்டும். பெர்லின் சுவர் இடிந்த பிறகு அங்கிருந்து யூர்கன் க்ரோப்லர் என்ற பயிற்சியாளர் 1991-இல் இங்கிலாந்துக்கு வந்தார். அதற்கு முன் ரெட்கிரேவை வளர்த்தவர் மைக் ஸ்பிராக்லன். பார்சிலோனா முதல் சிட்னி வரை க்ரோப்லர். குறைந்த வேகத்தில் நீண்ட தூரம், நாள் தவறாமல், மழையோ பனியோ பார்க்காமல். நதிக்கரையான் "பயிற்சியாளர் மாறினார், இவர் மாறவில்லை" என்று எழுதியதை நான் முழுக்க ஒப்புக்கொள்ள மாட்டேன். க்ரோப்லர் இல்லாமல் 1996-ம் 2000-மும் இல்லை. 2020 வரை அவர் பிரிட்டிஷ் அணியோடு இருந்தார், அவர் இருந்தவரை ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் அவருடைய படகு தங்கம் வாங்கியது. ரெட்கிரேவ் ஓய்வு பெற்ற பிறகும் வாங்கியது.

நதிக்கரையான்

ஒப்புக்கொள்கிறேன், க்ரோப்லரின் பங்கு பெரிது. அவர் எடுத்த ஒரு முடிவைப் பற்றி எழுத வேண்டும் என்று ஆரம்பத்திலிருந்தே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சிட்னி நால்வரில் டிம் ஃபாஸ்டர் இருந்தார் இல்லையா. 1998-இல் கையில் காயம், அப்புறம் முதுகில் அறுவை சிகிச்சை. 1999 உலகப் போட்டிக்கு அவர் இடத்தில் எட் கூட் வந்தார். கனடாவில் செயின்ட் கேத்தரின்ஸில் நடந்த அந்தப் போட்டியில் ரெட்கிரேவ், பின்சென்ட், கிராக்னெல், கூட் நால்வரும் தங்கம் வாங்கினார்கள். ஃபாஸ்டர் அந்த வருடம் எண்மர் படகில் வெள்ளி. 2000-இல் ஃபாஸ்டர் தேறிவிட்டார். நான்கு இடம், ஐந்து ஆள். உலக சாம்பியனான எட் கூட்டை இறக்கிவிட்டு ஃபாஸ்டரை ஏற்றினார் க்ரோப்லர். பலத்தில் கூட் குறைந்தவர் இல்லை. ஃபாஸ்டருடைய கை நுணுக்கம் படகை ஓட வைக்கும் என்பது கணக்கு.

கூட் சிட்னியில் கிரெக் சியர்லோடு இருவர் படகில் இறங்கினார். நீண்ட நேரம் முன்னணியில் இருந்து, கடைசியில் நான்காவது. பதக்கம் இல்லை. அதே ஏரியில் அவர் விட்ட இடம் தங்கம் வாங்கியது.

ஒலிம்பிக்குக்கு முன் சுவிட்சர்லாந்தின் லூசர்னில் நடந்த போட்டியில் ரெட்கிரேவின் படகு நான்காவதாக வந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தோற்றே பழகாத படகு அது. 38 வயதுக்காரரை இன்னும் வைத்திருக்கலாமா என்ற பேச்சு எழாமல் இருந்திருக்குமா? ஆனாலும் அவர் இடம் அசையவில்லை. செப்டம்பர் 23, சிட்னி ஒலிம்பிக் படகுப் போட்டி நடந்த பென்ரித். பின்சென்ட் மற்றவர்களுக்குத் தாளம் கொடுக்கும் ஸ்ட்ரோக் இடத்தில், அவருக்குப் பின்னால் ஃபாஸ்டர், ரெட்கிரேவ், கிராக்னெல். முன்னால் போனார்கள், கடைசிக் கட்டத்தில் இத்தாலி பாய்ந்து வந்தது. 0.38 நொடியில் தப்பித்தார்கள். காணொளி இன்றும் கிடைக்கிறது, கடைசி 250 மீட்டரை மட்டுமாவது பாருங்கள். முடிந்ததும் பின்சென்ட் எழுந்து ஃபாஸ்டரைத் தாண்டி ஊர்ந்து வந்து ரெட்கிரேவைக் கட்டிப்பிடித்தார், பிறகு தண்ணீரில் விழுந்தார்.

ரெடிங்வாசி

எட் கூட்டின் கதையை அங்கே நிறுத்த வேண்டாம். 2004 ஏதென்ஸில் நால்வர் படகு: பின்சென்ட், கிராக்னெல், ஸ்டீவ் வில்லியம்ஸ், எட் கூட். கனடாவை 0.08 நொடியில் முந்தித் தங்கம். மேடையில் பின்சென்ட் அழுததை எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். நான் கூட்டின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதக்கப்பட்டியல்

இந்த இடத்தில்தான் என் கேள்வி மறுபடி எழுகிறது. 1999-இல் கூட் இருந்தாலும் தங்கம், 2000-இல் ஃபாஸ்டர் இருந்தாலும் தங்கம், 2004-இல் ரெட்கிரேவே இல்லாமல் தங்கம். அப்படியானால் பின்சென்ட்டும் க்ரோப்லரும் இருந்தால் போதும் என்று ஒருவர் சொல்லலாமே?

அடையாற்றுத் துடுப்பு

சொல்லலாம். பின்சென்ட் நான்கு தங்கம் வாங்கியவர், அதில் ஒன்று ரெட்கிரேவ் இல்லாமல். ரெட்கிரேவின் ஐந்தில் இரண்டு பின்சென்ட்டும் க்ரோப்லரும் இல்லாமல். அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் இரண்டு. பின்சென்ட் இளம் வயதில் அந்தப் படகில் ஏறியபோது கூட இருந்தவர் இரண்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர். ஒரு நாள் பயிற்சி எவ்வளவு கடினமாக இருக்க வேண்டும் என்பதை அவர் அங்கேதான் கற்றிருப்பார்.

தஞ்சை மருத்துவர்

ஆண்டி ஹோம்ஸ் பெயர் இந்த இழையில் பாதியிலேயே நின்றுவிட்டது, அது எனக்கு உறுத்துகிறது. முதல் இரண்டு தங்கத்திலும் இருந்தவர். ஓய்வுக்குப் பிறகு பேட்டி, விளம்பரம் எதிலும் பெரிதாகத் தலைகாட்டாமல் ஒதுங்கியே இருந்தார். பிறகு மீண்டும் துடுப்புக்குத் திரும்பி, மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். 2010 அக்டோபரில் 51 வயதில் இறந்தார். காரணம் எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த நீரில் இருக்கும் கிருமி, தோலில் இருக்கும் சின்னக் கீறல் வழியாகக்கூட உடலுக்குள் போகும். துடுப்பு போடுகிறவர்களின் உள்ளங்கை எப்போதும் கொப்புளமும் கீறலுமாகத்தான் இருக்கும். நம் ஊரில் மழைக்காலத்தில் வயலில் இறங்குகிறவர்களுக்கு வருகிற அதே நோய். ஆற்றிலோ ஏரியிலோ துடுப்பு போடுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், கைப் புண்ணை மூடிக்கொண்டு இறங்குங்கள், கரையேறியதும் சோப்பு போட்டுக் கழுவுங்கள், அடுத்த சில வாரங்களில் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி வந்தால் ஆற்றில் இறங்கியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் சாதாரண ஆன்டிபயாடிக்கிலேயே கேட்கும்.

குமரிக்கடல்

டாக்டர், அப்பாவுக்கு உங்கள் பதிலைப் படித்துக் காட்டினேன். "அந்த ஆள் இப்போது என்ன செய்கிறார்" என்று கேட்கிறார்.

ரெடிங்வாசி

2001-இல் சர் பட்டம். அறக்கட்டளைகளுக்காக மரத்தான் ஓடி நிறையப் பணம் திரட்டினார். 2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் தீபத்தை அரங்குக்குள் கொண்டுவந்தவர் அவர்தான். எல்லோரும் அவரே ஏற்றுவார் என்று எதிர்பார்த்தார்கள், அவர் அதை ஏழு இளம் வீரர்களிடம் கொடுத்தார். 2018-இல் சீனத் துடுப்பு அணிக்கு உயர்திறன் இயக்குநராகப் போனார். டோக்கியோவில் சீனப் பெண்கள் நால்வர் ஸ்கல் படகில் (ஆளுக்கு இரண்டு துடுப்பு) தங்கம் வாங்கினார்கள்.

பதக்கப்பட்டியல்

சீனா வரை போய் அங்கேயும் ஒரு படகைத் தங்கத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார் என்பது அடையாற்றுத் துடுப்பு சொன்ன வாதத்துக்கு வலு சேர்க்கிறது, அதை மறுக்க மாட்டேன். ஆண்களில் மிகச் சிறந்த துடுப்பு வீரர் ரெட்கிரேவ் என்று எழுதிக்கொள்ளுங்கள், என் கையெழுத்து உண்டு. மொத்தத்தில் என்றால் என் ஓட்டு இன்னும் லிபாவுக்குத்தான். அவரைப் பற்றி யாராவது இதே அளவுக்கு எழுதினால் அந்த இழைக்கு நான் முதல் ஆளாக வருவேன்.

அடையாற்றுத் துடுப்பு

லிபா இழையை நானே தொடங்குகிறேன். 1992 ஒற்றையர் இறுதியிலிருந்து ஆரம்பிக்கலாம். அதோடு நம் நாட்டு பஜ்ரங் லால் தாக்கரையும் ஒரு இழையில் பேச வேண்டும். ராஜஸ்தான் வறண்ட மண்ணிலிருந்து வந்த ராணுவ வீரர், 2010 குவாங்சோவில் ஒற்றையர் படகில் தங்கம், ஆசிய விளையாட்டுத் துடுப்புப் போட்டியில் இந்தியாவின் முதல் தங்கம் அது. அவரைப் பற்றித் தமிழில் விரிவாக எழுதியதை நான் எங்கும் பார்த்ததில்லை.